ஈதி: இருபதாயிரம் பிள்ளைகளுக்கு அப்பா

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு மனுஷரைப் பத்திப் பேசப்போறோம். பேரு அப்துல் சத்தார் ஈதி. கராச்சியில வாழ்ந்தவர், 2016 ஜூலை 8-ஆம் தேதி காலமானார். நம்ம ஊர்ல இவரைத் தெரிஞ்சவங்க கம்மி. பாகிஸ்தான்ல இவரைத் தெரியாதவங்க கம்மி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பழமொழி. வீட்ல அடிக்கடி கேட்டிருப்பீங்க: ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்.’ முதல்ல வீட்டைப் பாரு, மிச்சம் இருந்தா ஊருக்குக் கொடுன்னு அர்த்தம். நியாயமான பேச்சுதான். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு எப்பவாவது மிஞ்சுமா? முதல் சம்பளத்துல மிஞ்சாது. கல்யாணம் ஆனா மிஞ்சாது. இஎம்ஐ முடியுற வரைக்கும் மிஞ்சாது. முடிஞ்சா பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் வந்து நிக்கும். இந்தப் பழமொழியைத் தலைகீழா வாழ்ந்து பார்த்த ஒரு குடும்பத்தோட கதைதான் இது. அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னும் பார்ப்போம், ஏன்னா நம்ம பயம் முழுக்க அங்கதானே இருக்கு.

ரெண்டு காசு

ஈதி பிறந்தது 1928-ல, பாண்ட்வாங்கிற ஊர்ல. இன்னைக்கு அது குஜராத்ல, ஜூனாகட் பக்கத்துல இருக்கு. மேமன் குடும்பம். மேமன்கள்னா வியாபாரிங்க. கத்தியவார் பகுதியிலிருந்து பம்பாய், ரங்கூன், கொழும்புன்னு எங்கெங்கேயோ போய்க் கடை போட்ட சமூகம்.

பையன் பள்ளிக்கூடம் போகும்போது அம்மா தினமும் ரெண்டு காசு கொடுப்பாங்க. ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு இல்லாதவங்க யாருக்காவது. சாயங்காலம் வந்ததும் கணக்குக் கேட்பாங்க: யாருக்குக் கொடுத்த? ரெண்டையும் தானே தின்னுட்டு வந்தா திட்டு விழும். இதை ஈதி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.

இதுல கவனிக்க வேண்டியது கணக்கு. மிஞ்சினதைக் கொடுன்னு அம்மா சொல்லலை. ஆரம்பத்துலயே பாதி பாதி. கொடுக்கிற காசு தனிக் காசு, அது உன்னோடதே கிடையாது. அதோட, யாருக்குத் தேவைன்னு தேடிக் கண்டுபிடிக்கிற வேலையும் பையனுக்குத்தான். அஞ்சாறு வயசுப் பையன் தெருவுல போகும்போது மத்தவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே போகணும்.

அவருக்குப் பதினோரு வயசு ஆனப்போ அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மனநிலையும் பாதிச்சது. குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, துணி மாத்துறதுன்னு எல்லாத்தையும் பையனே செஞ்சார். அவருக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது அம்மா இறந்துபோனாங்க. கூடப் படிச்ச பசங்க வளர்ந்துக்கிட்டிருந்த வருஷங்கள்ல இவர் ஒரு நோயாளியோட படுக்கை பக்கத்துலயே இருந்தார். என் அம்மாவுக்கு நான் இருந்தேன், யாருமே இல்லாதவங்களுக்கு யாரு இருக்காங்கங்கிற கேள்வி அங்கதான் பிறந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். பின்னாடி அவரோட நிறுவனம் மனநோயாளிகளுக்கும் முதியவங்களுக்கும் விடுதிகள் நடத்தினதுக்குக் காரணம் வேற எங்கேயும் தேட வேண்டாம்.

மீட்டாதர்ல ஒரு கடை

1947-ல தேசம் ரெண்டானது. பாண்ட்வா மேமன்கள் பெரும்பாலும் கராச்சிக்குப் போனாங்க. ஈதி குடும்பமும் போச்சு. அகதிகளால ஊர் ரொம்பி வழிஞ்ச காலம். இவர் தெருவுல சாமான் கூவி வித்தார். அப்புறம் மொத்த ஜவுளிச் சந்தையில கமிஷன் ஏஜென்ட்டா வேலை பார்த்தார்.

அங்க மேமன்கள் நடத்தின ஒரு தர்ம மருந்தகத்துல சேவை செய்யச் சேர்ந்தார். ஆனா அங்க மேமன்களுக்கு மட்டும்தான் மருந்து. ஒரே தெருவுல ஒருத்தருக்குக் கொடுத்து இன்னொருத்தரைத் திருப்பி அனுப்புறது இவருக்குப் பிடிக்கலை. வெளிப்படையாவே எதிர்த்துப் பேசினார், விலகினார். 1951-ல மீட்டாதர் பகுதியில சின்னதா ஒரு கடையை வாங்கி, சொந்தமா மருந்தகம் திறந்தார். அப்போ அவருக்கு இருபத்து மூணு வயசு. ராத்திரி யாராவது வந்து கதவைத் தட்டினா உடனே எழுந்திரிக்கணும்னு கடைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சுலதான் தூக்கம்.

1957-ல ஆசிய ஃப்ளூ கராச்சியைத் தாக்குச்சு. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு மருந்து கொடுத்தார். அதைப் பார்த்த ஒரு வியாபாரி 20,000 ரூபாய் கொடுத்தார். அந்தக் காசுல ஒரு பழைய ஹில்மன் வண்டி வாங்கினார். அதுதான் முதல் ஆம்புலன்ஸ். ‘ஏழையின் வண்டி’ன்னு பேரு. டிரைவர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் இவரே.

அந்த ஒரு வண்டி வளர்ந்து 1,500-க்கும் மேல ஆச்சு. 1997-ல உலகத்துலயே பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவைன்னு கின்னஸ் புத்தகத்துல இடம்பிடிச்சது. நமக்கு 108 மாதிரி அங்க ஈதியோட நம்பர் 115. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்றேன். தமிழ்நாட்டுல 108 வந்தது 2008-ல, அரசாங்கத் திட்டமா வந்தது. கராச்சியில அந்த வேலையை ஒரு தனி மனுஷர் அம்பது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டார். வண்டிகளும் படோடோபமா இருக்காது. பெரும்பாலும் சுஸுகி பொலான், அதாவது நம்ம ஊர் மாருதி ஆம்னியோட உடன்பிறப்பு. சந்து பொந்துக்குள்ள நுழையும், ரிப்பேர் செலவும் கம்மி.

கராச்சியில கும்பல்களுக்குள்ள துப்பாக்கிச் சண்டை நடக்கும்போது, ஈதி வண்டி வந்தா ரெண்டு பக்கமும் சுடுறதை நிறுத்துவாங்களாம். அடிபட்டவங்களை ஏத்திக்கிட்டு வண்டி கிளம்பினதும் திரும்ப ஆரம்பிப்பாங்களாம். சாகப்போறவன் யாரா இருந்தாலும் அந்த வண்டி தூக்கிட்டுப் போகும்ங்கிற நம்பிக்கை சண்டைக்காரங்களுக்கே இருந்திருக்கு.

பில்கீஸ்

இப்போ குடும்பத்துக்கு வருவோம். அந்த மருந்தகத்துல நர்ஸா பயிற்சிக்கு வந்தவங்க பில்கீஸ். ஈதியைவிட இருபது வயசுக்கிட்ட சின்னவங்க. அறுபதுகளோட நடுவுல ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே நடந்த ஒரு கதை உண்டு. மருந்தகத்து வாசல்ல தலையில பலமா அடிபட்ட ஒரு பன்னிரண்டு வயசுப் பொண்ணு கிடந்தா. மாப்பிள்ளையும் பொண்ணும் அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. கல்யாண ராத்திரி முழுக்க ரத்தம் ஏத்துறதைப் பார்த்துக்கிட்டு, அந்தப் பொண்ணோட சொந்தக்காரங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு ஆஸ்பத்திரியிலேயே போச்சு. அந்தப் பொண்ணு பிழைச்சு, கல்யாணமாகி, பிள்ளைகுட்டியோட இருக்கா, அது போதும்னு பில்கீஸ் பின்னாடி சொன்னாங்க.

கேட்கும்போது சிலிர்க்குது. ஆனா கொஞ்சம் நிதானமா யோசிங்க. அன்னைக்கு ‘இன்னைக்கு ஒரு நாளாவது விட்டுடுங்களேன்’னு அந்த இளம்பெண் சொல்லியிருந்தா அதுல தப்பு இருந்திருக்குமா? ஊருக்கு உழைக்கிற பெரிய மனுஷங்க கதைகள்ல மனைவி பெரும்பாலும் பின்னணியில நிப்பாங்க. ‘பொறுமையா இருந்தாங்க’ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். ஈதி கதையை அப்படிச் சொன்னா பொய்யாகிடும். பிரசவ விடுதி, தொட்டில் குழந்தைகள், தத்து கொடுக்கிறது, பெண்கள் விடுதி எல்லாம் பில்கீஸோட ராஜ்ஜியம். 1986-ல மகசேசே விருது வந்தப்போ அது ஈதிக்கு மட்டும் வரலை, ரெண்டு பேர் பேருக்கும் சேர்த்துதான் வந்தது.

அவங்களுக்கு நாலு பிள்ளைங்க. ரெண்டு மகன், ரெண்டு மகள். அலுவலகத்தை ஒட்டின சின்ன இடத்துலதான் வாழ்க்கை. நிறுவனத்திலிருந்து ஈதி சம்பளம் எடுக்கலை. அவருக்கு ரெண்டு செட் துணி. ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில. நம்ம கணக்குப்படி அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பாவோட நேரமும் முழுசாக் கிடைச்சிருக்காது, அப்பாவோட காசும் கிடைச்சிருக்காது. அது உண்மையான இழப்பு, மழுப்ப வேண்டாம். ஆனா மகன் ஃபைசலும் மகள் குப்ராவும் அதே வேலைக்குள்ள வந்தாங்க. இன்னைக்கு நிறுவனத்தை நடத்துறவர் ஃபைசல். அப்பா மேல வெறும் கோபம் மட்டும் இருந்திருந்தா இது நடந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

வாசல்ல ஒரு தொட்டில்

பில்கீஸோட வேலையில எனக்கு முக்கியமாப் படுறது தொட்டில்தான். உருதுல ‘ஜூலா’ன்னு சொல்வாங்க. ஈதி மையங்களோட வாசல்ல ஒரு தொட்டில் இருக்கும். பக்கத்துல அறிவிப்பு: குழந்தையைக் கொல்லாதீங்க, இங்க விட்டுட்டுப் போங்க. வந்து போடுறவங்க யாருன்னு யாரும் பார்க்க மாட்டாங்க, கேட்க மாட்டாங்க.

நமக்கு இது புதுசு இல்லை. 1992-ல சேலம் மாவட்டத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சப்போ இங்கயும் இதே காரணம்தான், பெண் சிசுக்கொலை. கராச்சியில வறுமையும் பெண் குழந்தை வேண்டாம்ங்கிற எண்ணமும் இருந்ததோட, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைங்கிற அவமானமும் சேர்ந்துக்கிட்டது. குப்பைத்தொட்டியில, சாக்கடை ஓரத்துல குழந்தைகளோட உடல்களை எடுத்து எடுத்து இவங்களுக்குக் கை மரத்துப்போச்சு. உயிரோட இருக்கும்போதே கொடுத்துடுங்கன்னு தொட்டில் வெச்சாங்க.

உடனே எதிர்ப்பு வந்தது. தப்பான வழியில பிறந்த குழந்தைகளுக்கு இடம் கொடுத்தா தப்பை வளர்க்கிறீங்கன்னு மதத் தலைவர்கள் சிலர் கண்டிச்சாங்க. ஈதியோட பதில் சுருக்கமானது: பிறந்த குழந்தை எந்தத் தப்பும் பண்ணலை. அவரும் ஒரு முஸ்லிம்தான். ஹிந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் எதுக்கு வண்டியில ஏத்துறீங்கன்னு கேட்டவங்ககிட்ட, உங்களைவிட என் ஆம்புலன்ஸ் நல்ல முஸ்லிம்ங்கிற மாதிரி சொன்னதா ஒரு பேச்சு உண்டு. மதத்தை விடாமலே மதத்தோட பேர்ல சண்டைக்கு வந்தவங்களுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவர்.

அப்பா பெயர்ங்கிற கட்டம்

தொட்டில்ல வந்த குழந்தை வளரும். பள்ளிக்கூடம் போகணும், அடையாள அட்டை எடுக்கணும். ஃபார்ம்ல ‘தகப்பனார் பெயர்’னு ஒரு கட்டம் இருக்கும். அங்க என்ன எழுதுறது?

நம்ம நாட்டுலயும் இந்தக் கட்டம் எத்தனை பேரை அழ வெச்சிருக்குன்னு தெரியும். பாகிஸ்தான்ல அந்தக் கட்டம் காலியா இருந்தா கார்டே கிடைக்காது. கார்டு இல்லைன்னா ஓட்டு, வேலை, பேங்க் கணக்கு எதுவும் இல்லை. இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2014-ல தேசியப் பதிவு ஆணையம் விதியை மாத்துச்சு. பெற்றோர் யாருன்னு தெரியாத குழந்தைகளை, விடுதி நடத்துறவரைக் காப்பாளராக் காட்டிப் பதிவு பண்ணலாம்னு வந்தது. ஈதி கிட்டத்தட்ட 20,000 பிள்ளைகளுக்குப் பெற்றோராவோ காப்பாளராவோ பதிவானார்னு சொல்றாங்க.

நாம ‘பிள்ளை மாதிரி’, ‘அப்பா மாதிரி’ன்னு சுலபமாச் சொல்லிடுவோம். அந்த ‘மாதிரி’ங்கிற வார்த்தைக்கு அரசாங்க ஆபீஸ்ல மதிப்பு கிடையாது. பேரைக் கொடுக்கிறவர்தான் அங்க அப்பா. தான் பெத்த நாலு பிள்ளைங்களுக்குக் கொடுத்த பேரை இத்தனை ஆயிரம் பேருக்கும் கொடுத்தார். பணத்தைக் கொடுக்கிறது ஒரு தாராளம். பேரைக் கொடுக்கிறது இன்னும் பெரிய தாராளம்னு நான் நினைக்கிறேன்.

யார் காசு?

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கத்துக்கிட்ட இவர் வாங்கலை. ராணுவ ஆட்சி நடத்தின ஜியா உல் ஹக் அனுப்பின காசோலையையே திருப்பி அனுப்பினவர். வாங்கினது ஜனங்ககிட்ட மட்டும்தான். ரமலான்ல ஜகாத், பக்ரீத்ல குர்பானி ஆட்டுத் தோல், அப்புறம் சில்லறை. தோலைச் சேர்த்துத் தோல் மண்டியில வித்தா அது ஒரு வருமானம். பெரிய வெள்ளமோ பூகம்பமோ வந்தா நடுரோட்ல வந்து உட்கார்ந்து துண்டை விரிச்சுடுவார். கார்ல போறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க எல்லாரும் நின்னு போட்டுட்டுப் போவாங்க.

இதுல ஒரு நிர்வாக ரகசியம் இருக்கு. ஒரே ஒரு பெரிய கொடையாளி இருந்தா அவருக்குக் கட்டுப்படணும். பத்து ரூபாய் கொடுக்கிறவங்க லட்சம் பேர் இருந்தா, அவங்க முன்னாடி ஒழுங்கா நடந்துக்கிட்டாப் போதும். ரெண்டு செட் துணிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. நான் போட்ட பத்து ரூபாய் இவர் சட்டைக்குப் போகலைங்கிறது கண்ணால பார்த்தாலே தெரியுதே.

அவ்வளவு நம்பிக்கை இருந்த இடத்துலயும் திருட்டு நடந்தது. 2014 அக்டோபர்ல ஆயுதங்களோட வந்த கும்பல் மீட்டாதர் அலுவலகத்துல, உடம்பு முடியாம இருந்த 86 வயசுப் பெரியவரைத் துப்பாக்கி முனையில வெச்சுக்கிட்டு, பணத்தையும் தங்கத்தையும் அள்ளிக்கிட்டுப் போச்சு. ஆம்புலன்ஸ் மறுநாளும் ஓடுச்சு. 2015 ஜூன்ல கராச்சியில வெயில் கொளுத்தி ஆயிரத்துக்கும் மேல மக்கள் செத்தப்போ, ஈதியோட பிணவறைதான் இடம் போதாம திணறுச்சு. கேட்பாரில்லாத உடல்களைக் குளிப்பாட்டி, கஃபன் போட்டு அடக்கம் பண்றதும் அவங்க வேலை. ஆரம்ப காலத்துல அழுகின உடல்களை ஈதி தன் கையாலயே கழுவியிருக்கார்.

கீதா

இந்தியாவுல ஈதி பேரு பெருசா அடிபட்டது 2015-ல. காது கேட்காத, பேச முடியாத ஒரு இந்தியச் சிறுமி பல வருஷம் முன்னாடி எல்லை தாண்டி லாகூர் போய்ச் சேர்ந்துட்டா. எந்த ஊர், என்ன பேரு, எதுவும் தெரியாது. ஈதி நிறுவனம்தான் எடுத்து வளர்த்தது. அவ கும்பிடுற விதத்தைப் பார்த்து ஹிந்துப் பொண்ணுன்னு புரிஞ்சுக்கிட்ட பில்கீஸ், கீதான்னு பேரு வெச்சாங்க. மையத்துக்குள்ளயே சாமி படங்கள் வெச்சுக் கும்பிட இடமும் பண்ணிக் கொடுத்தாங்க. ஒரு முஸ்லிம் அம்மா, தான் வளர்க்கிற பொண்ணுக்கு அவளோட சாமியை வாங்கிக் கொடுத்திருக்காங்க.

2015 அக்டோபர்ல கீதா இந்தியா திரும்பினப்போ பிரதமர் மோடி ஈதி நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவிச்சார். ஈதி நன்றி சொல்லிட்டு வேண்டாம்னுட்டார். அரசாங்கப் பணம் வாங்குறதில்லைங்கிற அதே பழைய விதி. சொந்த அரசாங்கத்துக்கிட்டயே வாங்காதவர்.

கடைசி நாட்கள்

2013-லிருந்து அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யலை, டயாலிசிஸ்ல இருந்தார். வெளிநாட்டுல சிகிச்சைக்கு ஏற்பாடு பண்றேன்னு முன்னாள் அதிபர் ஜர்தாரி சொன்னப்போ மறுத்துட்டார். ஏழைங்க போற உள்ளூர் ஆஸ்பத்திரியே தனக்கும் போதும்னார். இறந்தப்போ 88 வயசு. உறுப்பு தானத்துக்கு எழுதி வெச்சிருந்தார், ஆனா உடம்புல எடுக்கிற நிலைமையில இருந்தது கண்கள் மட்டும்தான். அதையும் கொடுத்தாங்க.

கராச்சி தேசிய மைதானத்துல அரசு மரியாதை, குண்டு முழக்கம் எல்லாம் நடந்தது. அப்புறம் ஊருக்கு வெளியே இருக்கிற ஈதி கிராமத்துல, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி அவரே தோண்டி வெச்சிருந்த குழியில அடக்கம் பண்ணாங்க. பில்கீஸ் 2022 ஏப்ரல் 15-ஆம் தேதி இறந்தாங்க.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2021 ஏப்ரல்ல, இங்க கொரோனா ரெண்டாவது அலை. ஆக்ஸிஜனுக்கு நாம அலைஞ்சுக்கிட்டிருந்த அதே வாரங்கள்ல ஃபைசல் ஈதி இந்தியப் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். 50 ஆம்புலன்ஸ் அனுப்பறோம், ஆட்களும் வருவாங்க, சாப்பாடு, டீசல் செலவு எங்களோடது, வர்றதுக்கு அனுமதி மட்டும் கொடுங்கன்னு கேட்டிருந்தார். ரெண்டு காசுல ஒண்ணை அடுத்தவனுக்குக் கொடுங்கிற பாட்டியோட கணக்கு பேரன் கிட்ட வந்து சேர்ந்திருக்கு.

அப்போ நாம?

இதைக் கேட்டுட்டு நாளைக்கே வேலையை விட்டுட்டு ஆம்புலன்ஸ் ஓட்டப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நம்மள்ல பெரும்பாலானவங்களால ஈதி ஆக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. ரெண்டு செட் துணியோட வாழ்ற அப்பா எல்லா வீட்டுக்கும் ஒத்துவர மாட்டார். ஆனா அந்த அம்மாவோட கணக்கை யார் வேணா பண்ணலாம். பாதிகூட வேண்டாம். சம்பளம் வந்த அன்னைக்கே, சின்னதா ஒரு தொகை, இது என்னோடது இல்லைன்னு தனியா எடுத்து வைங்க. மாசக் கடைசியில மிஞ்சினதை இல்லை, மாசம் பிறந்ததும் முதல்ல. அப்புறம் அந்த அம்மா கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கோங்க: இன்னைக்கு யாருக்குக் கொடுத்த? உங்க தெருவுல, உங்க அப்பார்ட்மெண்ட்ல வேலை செய்யற அக்கா வீட்ல, செக்யூரிட்டி அண்ணன் பிள்ளைங்களோட படிப்புல, எங்கேயோ அந்த ரெண்டாவது காசுக்கு ஆள் இருக்காங்க. தேடினாத்தான் தெரியும்.

இப்படி ஊருக்காக ஓடின அப்பாவோ, தாத்தாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ உங்க வாழ்க்கையில இருந்திருந்தா, அவங்களைப் பத்தி ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புங்க. வீட்டுக்கு அதனால என்ன கஷ்டம் வந்ததுன்னும் சேர்த்துச் சொல்லுங்க, அதுவும் கதையில பாதி. வர்றதுல சிலதை அடுத்த எபிசோட்ல போடறோம்.